ரெட்டேரிப் பக்கம் வாங்கிய மீன்: விரால் குஞ்சா, கொரவையா?

மூலக்கடை ரீல்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம். இன்று காலை ரெட்டேரி தாண்டி ரோட்டோரத்தில் ஒருவர் டப்பில் உயிரோடு மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "ஏரி விரால் சார், குஞ்சு, கறி மெத்துன்னு இருக்கும்" என்றார். வீட்டில் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து தையல் ஆறிக்கொண்டிருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் விரால் சூப் வைத்துக் கொடு, விரால் சூப் வைத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அதனால் பேரம்கூடப் பேசாமல் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். கொடுத்தது விரால் விலை.

வீட்டுக்கு வந்து பக்கெட்டில் கொட்டியதும் நைனா எட்டிப் பார்த்தார். "இதுல பாதி கொரவைடா" என்று சொல்லிவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பொன்னேரிப் பக்கம், ஏரி மீன் தின்று வளர்ந்தவர், "எல்லாம் விரால்தான் மாப்பிள்ளை, சின்னதில் புள்ளி இருக்கும், பெரிசானால் போய்விடும்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன பேசுவது?

எல்லாமே ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஆனால் உற்றுப் பார்த்தால் மூன்று தினுசாகத் தெரிகிறது. சிலவற்றில் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். ஒன்றில் புள்ளி இல்லை, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, பக்கவாட்டில் சாய்வாகப் பட்டை. இன்னும் இரண்டு, புள்ளியும் இல்லை பட்டையும் இல்லை, ஒரேயடியாகக் கரி மாதிரி. இது மூன்றாவது ஜாதியா?

உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் அப்புறம் யார் சொன்னது சரி என்று தெரியாது, வீட்டில் சண்டை ஓயாது. சீக்கிரம் சொன்னால் நல்லது, ஒன்று பக்கெட்டிலிருந்து எகிறி வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்விட்டது, துடைப்பக்கட்டையால் தள்ளி வெளியே எடுத்தோம். போட்டோ இங்கே ஏற மாட்டேன் என்கிறது.


வியாசர்பாடி சிங்கம்:

இதுக்குப் போய் இவ்வளவு பெரிய கதையா ப்ரோ. கறுப்பா இருந்தா விரால், பச்சையா இருந்தா கொரவை. பட்டையே இல்லாம கருகரு என்று இருக்கிறதுதான் ஒரிஜினல் நாட்டு விரால். சூப்பை வைங்க.


புழல் கரை:

சிங்கம் தம்பி, நிறத்தை வைத்து இந்த மீனைப் பிரிக்க ஆரம்பித்தால் பாதி நேரம் தப்பாகத்தான் முடியும். கலங்கல் தண்ணீரில் கிடந்த விரால் வெளுத்துப்போய் மண் நிறத்தில் வரும், பாசி மண்டிய குட்டையில் கிடந்தது கரும்பச்சையாக வரும். அதையே பிடித்து நீல டப்பில் போட்டு ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் மறுபடி வேறு நிறம். பயந்தால் ஒரு நிறம், சண்டைக்கு நின்றால் ஒரு நிறம். முட்டையிட்டுக் காவல் காக்கும்போது இன்னொன்று. அதனால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். எதெல்லாம் மாறாதோ அதை முதலில் பாருங்கள்.

மாறாதது என்றால் துடுப்பில் உள்ள முள் கணக்கும் செதில் கணக்கும்தான். உங்கள் பக்கெட்டில் இருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று விரால், சன்னா ஸ்ட்ரையாட்டா. இன்னொன்று கொரவை, சன்னா பங்டேட்டா. இரண்டுக்கும் 1793-ல் பிளாக் என்ற ஜெர்மன்காரர்தான் விஞ்ஞானப் பெயர் வைத்தார், அப்போதே தனித்தனி மீன் என்று பிரித்துவிட்டார். ஆகையால் "சின்னதில் புள்ளி இருக்கும், பெரிசானால் போய்விடும்" என்று உங்கள் மாமியார் சொல்வது, மன்னிக்கவும், சரியில்லை. விரால் குஞ்சுக்குப் பிஞ்சில் வேறு வேஷம் உண்டு, சிவப்பும் ஆரஞ்சுமாகக் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும், ஆனால் அது விரல் நீளம்கூட இல்லாத பருவம். ஒரு சாண் வளர்ந்த பிறகு உடம்பு நெடுக மிளகு தூவிய மாதிரி புள்ளி இருந்தால் அது கொரவை, பெரிசானாலும் கொரவைதான்.

இப்போது செய்முறை. ஒரு பழைய துண்டை நனைத்து மீனின் தலையையும் கண்ணையும் சேர்த்து மூடிப் பிடியுங்கள், கண் மறைந்தால் துள்ளல் பாதி குறையும். இன்னொருவர் முதுகுத் துடுப்பின் முன்பக்க நுனியைப் பிடித்து மெதுவாக விரிக்க வேண்டும். பின்னால் மொபைல் டார்ச்சை அடியுங்கள். துடுப்புச் சவ்வு ஒளியில் தெளிந்து, உள்ளே இருக்கும் முள்ளெல்லாம் கோடு கோடாகத் தெரியும். அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள், எண்ணுவதை அப்புறம் போட்டோவைப் பெரிதாக்கி நிதானமாகச் செய்யலாம். கொரவைக்கு முதுகுத் துடுப்பில் 28-லிருந்து 33 வரை இருக்கும். விராலுக்கு 38-லிருந்து 43. நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் இரண்டு மூன்று விட்டுப்போனாலும் குழப்பம் வராது. அடிப்பக்கம், ஆசனவாய்க்குப் பின்னால் வாலை நோக்கி ஓடும் துடுப்பிலும் வித்தியாசம் உண்டு, கொரவைக்கு 20 முதல் 23, விராலுக்கு 23 முதல் 27. அது நெருக்கத்தில் வந்துவிடுகிறது, அதனால் முதுகுத் துடுப்பையே நம்புங்கள்.

எண்ணப் பொறுமை இல்லை என்றால் கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னாலிருந்து செவுள் மூடியின் முன் மடிப்பு வரைக்கும் உள்ள இடம், அதைத்தான் கன்னம் என்கிறேன். கொரவைக்கு அங்கே பெரிய பெரிய செதிலாக ஐந்து வரிசை போல இருக்கும். விராலுக்குப் பொடிச் செதில், ஒன்பது பத்து வரிசை. பழகிய கண்ணுக்கு இது ஒன்றே போதும், தலையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். உங்கள் நைனா பக்கெட்டை எட்டிப் பார்த்ததும் சொன்னாரே, அவர் அநேகமாக இதைத்தான் பார்த்திருப்பார், கேட்டால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

பக்கக்கோட்டுச் செதிலும், அதாவது உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோட்டில் உள்ள செதிலும், இதே கதைதான், கொரவைக்கு 37 முதல் 40, விராலுக்கு 50 முதல் 57. ஆனால் உயிருள்ள மீனில், அதுவும் அந்த வழவழப்பில், அதை எண்ண முயற்சி செய்யாதீர்கள், மீனும் பாவம் நீங்களும் பாவம்.

மூன்றாவது ஜாதி என்று கேட்டீர்களே, அந்தக் கரி மாதிரி இரண்டு. அவற்றின் துடுப்பை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். எண்ணாமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.


வில்லிவாக்கம் மீன்கார அக்கா:

தம்பி, அந்த அண்ணன் சொல்கிற கணக்கெல்லாம் சரி, ஆனால் மார்க்கெட்டில் டார்ச் அடித்து எண்ணிக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் விட மாட்டார்கள். நாங்கள் பார்ப்பது வேறு. மீனைத் தரையில் குப்புற விட்டு மேலிருந்து பார். விராலுக்குத் தலை நீளமாகத் தட்டையாக இருக்கும், கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது, அப்படியே உடம்போடு ஓடும், வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருக்கும். கொரவை உருண்டை, குட்டை, தலை மொழுக்கென்று இருக்கும். திருப்பிப் போட்டால் விராலுக்கு வயிறு பளிச்சென்று வெள்ளை. கொரவைக்கு வயிறு அழுக்கு மஞ்சளாக இருக்கும், பட்டை இறங்கி வயிறு வரைக்கும் வந்திருக்கும், சிலதுக்கு வெள்ளையாகவும் இருக்கும், அதனால் வயிறை மட்டும் பார்க்காதே.

இன்னொன்று. விற்றவரைத் திட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, விரால் விலை வாங்கிக்கொண்டு கொரவை போட்டது தப்புதான். ஆனால் ஏரியில் வலை போட்டால் இரண்டும் சேர்ந்துதான் வரும். பெரிசு இருந்தால் பிரித்து வைப்போம், சாண் அளவில் வருகிறதை யாரும் உட்கார்ந்து பிரிக்கிறதில்லை, "விரால் குஞ்சு" என்று ஒரு பேர் வைத்து ஓட்டிவிடுவார்கள். அதனால் இந்தக் குஞ்சு என்கிற வார்த்தையைக் கேட்டாலே உஷாராக இரு. கொரவை முழுசாக வளர்ந்தாலே ஒரு சாணைக் கொஞ்சம் தாண்டும், ஒரு அடி வந்தால் அது பெரிய கொரவை. விரால் கிலோ கணக்கில் வளரும். முக்கால் கிலோவுக்கு மேல் ஒற்றை மீனாக வாங்கினால் இந்தச் சந்தேகமே வராது. சூப்புக்கும் அதுதான் நல்லது, சின்னதில் முள்ளை எடுக்கவே நேரம் போய்விடும்.

உயிரோடு துள்ளுது, அதனால் விரால்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கொரவையும் துள்ளும்.


புழல் கரை:

அக்கா சொன்ன கடைசி வரி முக்கியம். இரண்டுக்குமே செவுளுக்கு மேலே காற்றறை ஒன்று இருக்கிறது, தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் மட்டும் போதாமல் அடிக்கடி மேலே வந்து வாயால் காற்று குடிக்கும். மேலே வரவிடாமல் வலையில் மூழ்கடித்து வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். தோல் ஈரமாக இருக்கும்வரை வெளியிலும் தாங்கும். மழைக்கு ஏரி நிரம்பி வழியும்போது கொளத்தூர், மாதவரம் பக்கம் தெருத் தண்ணீரில் பையன்கள் விரட்டி விரட்டிப் பிடிப்பது இதனால்தான். அதை வைத்து ஜாதி பிரிக்க முடியாது. ரீல் தம்பி, பக்கெட்டைத் தட்டு போட்டு மூடுங்கள், மேலே ஒரு சாண் காலி இடம் இருக்கட்டும், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எகிறத்தான் செய்யும்.


மூலக்கடை ரீல்:

எண்ணிவிட்டேன். நைனா துண்டால் பிடிக்க, மச்சான் துடுப்பை விரிக்க, நான் டார்ச்சும் போனுமாக நிற்க, பாத்ரூமில் மூன்று பேருக்கு இடம் இல்லை.

புள்ளி போட்டதில் ஒன்றை எடுத்தோம், 30 வருகிறது. இன்னொரு புள்ளி மீன், 31. கன்னத்துச் செதில் நீங்கள் சொன்ன மாதிரியே பெரிசு பெரிசாக, எண்ணவே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வெள்ளை வயிறு, சாய்ந்த பட்டை போட்டது 40. இதுவரை சரி.

அந்தக் கரி இரண்டில் ஒன்று 41, இன்னொன்று போட்டோ கொஞ்சம் ஆடிவிட்டது, 40-க்கும் 42-க்கும் நடுவில். கன்னத்தில் பொடிச் செதில். அப்போ அதுவும் விராலா? இன்னொரு விஷயம், பக்கெட்டை மாற்றி வெள்ளை டப்பில் விட்டு வைத்திருந்தேன், எண்ணி முடித்து வந்து பார்த்தால் அந்தக் கரி நிறம் இறங்கி, பக்கத்தில் பட்டை லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு "நான் சொன்னேன் இல்ல" என்கிறார். அவர் சொன்னது வேறு. ஆனால் அதை இப்போது எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.


புழல் கரை:

விரால்தான், சந்தேகமே இல்லை. கறுத்துப்போனது மிரட்சியில். இருட்டுப் பக்கெட்டில் அடைத்தால் இப்படித்தான் அடர்ந்துபோகும், வெளிச்சமான பாத்திரத்தில் விட்டால் இறங்கும். ஆக, உங்களிடம் இருப்பது இரண்டே ஜாதி. சிங்கம் தம்பி "ஒரிஜினல் நாட்டு விரால்" என்று சொன்னதும், நீங்கள் சாதா விரால் என்று நினைத்ததும் ஒரே மீன்.


வியாசர்பாடி சிங்கம்:

சரி தலைவா, நிறத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் நான் ஒன்று பார்த்திருக்கிறேன், பூண்டி பக்கம் பிடித்தது, வால் ஆரம்பிக்கிற இடத்தில் கண் மாதிரி ஒரு கறுப்பு வட்டம், சுற்றி ஆரஞ்சு. கண்ணும் ஆரஞ்சு. அது இரண்டிலும் சேராதே?


கொளத்தூர் டேங்க்:

அது அவுரி, பூவிரால் என்றும் சொல்வார்கள். சன்னா மருலியஸ். இந்தக் குடும்பத்தில் நம் பக்கம் கிடைப்பதில் இதுதான் பெரியது, ஒரு மீட்டரைத் தாண்டும். முதுகுத் துடுப்பை எண்ணினால் 45-லிருந்து 55 வரை போகும், பக்கக்கோட்டுச் செதில் 60-க்கு மேல். வாலடி வட்டம் சின்ன வயதில் பளிச்சென்று இருக்கும், வயதாக ஆக மங்கும், பெரிய மீனில் தேடினால் கிடைக்காமலும் போகும். அதற்குப் பதில் பக்கவாட்டில் ஐந்தாறு பெரிய கறுப்புத் திட்டும், அங்கங்கே செதிலில் முத்துப் பதித்த மாதிரி வெள்ளைப் பொட்டும் வரும்.

இங்கே கொளத்தூரில் மீன் வாங்க வருகிற பையன்கள் அதிகம் ஏமாறுவது வட்டத்தில்தான். வட்டம் இருந்தாலே அவுரிக் குஞ்சு என்று நினைக்கிறார்கள். வட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாலடியில் இருந்தால் அவுரி. முதுகுத் துடுப்பின் பின் கோடியில் இருந்தால் அது பாறைக் கொரவைக் குஞ்சு, சன்னா கச்சுவா. அது வளர்ந்தாலே ஒரு சாண்தான், ஓடைகளில் கல்லுக்கு அடியில் கிடக்கும், முதுகுத் துடுப்பின் ஓரத்தில் ஆரஞ்சுக் கரை கட்டியிருக்கும், பக்கத் துடுப்பில், அதாவது செவுளுக்குப் பின்னால் இருக்கிற துடுப்பில், வளையம் வளையமாகக் கோடு ஓடும். அதன் முதுகுத் துடுப்புக் கணக்கு 32 முதல் 37, கொரவையோடு லேசாக இடிக்கும், அதனால் அங்கே மட்டும் எண்ணிக்கையை நம்பாமல் வயிற்றுத் துடுப்பைப் பாருங்கள். கொரவைக்கு வயிற்றுத் துடுப்பு நல்ல நீளம், பக்கத் துடுப்பில் முக்கால் பங்கு வரும். பாறைக் கொரவைக்குக் குட்டையாக இருக்கும், பாதிகூட வராது. விரால் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்நேக்ஹெட் என்று பேர், அதில் ரெயின்போ ஸ்நேக்ஹெட் என்று அசாம் பக்கத்திலிருந்து வருகிற சன்னா பிளெஹரி இருக்கிறதே, அதற்கு வயிற்றுத் துடுப்பே கிடையாது. கடைக்காரர் என்ன பேர் சொன்னாலும் அடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். ஆசைக்கு அவுரிக் குஞ்சு வாங்கி, அது தொட்டியை மீறி வளர்ந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள். ஏற்கெனவே டேங்க் கிளீனர் மீனை இப்படி விட்டதில், அது ஏரி ஏரியாக வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.


மாதவரம் மாலா:

இதே திரியில் கேட்டுவிடுகிறேன். எங்கள் தெருவில் வண்டியில் கொண்டுவருகிறவர் "ஏரி வவ்வால்" என்று ஒரு மீன் விற்கிறார், வட்டமாக, வயிறு சிவப்பாக. பக்கத்து வீட்டுப் பையன் அது பிரானா, விரலைக் கடித்துவிடும் என்று பயமுறுத்துகிறான். அப்படியா?


கொளத்தூர் டேங்க்:

பயப்படாதீங்க அக்கா. அது ரூப்சந்த், தென் அமெரிக்க பாக்கு மீன். பிரானாவுக்குச் சொந்தக்காரன்தான், குஞ்சில் பார்த்தால் நிஜமாகவே பிரித்துச் சொல்வது கஷ்டம், ஆனால் வாயைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். உதட்டை விரலால் இல்லை, ஸ்பூன் காம்பால் விலக்கிப் பாருங்கள். பாக்குவுக்கு மனிதக் கடைவாய்ப் பல் மாதிரி தட்டையாகச் சதுரமாக இருக்கும், கொட்டை, பழம் உடைத்துத் தின்கிற பல் அது. பிரானாவுக்கு முக்கோணமாக, ஒன்றோடு ஒன்று கோத்த மாதிரி கூர்மையாக இருக்கும், கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். சமைக்கிற அளவில் உங்கள் தெருவுக்கு வருவது பாக்குதான். செத்த மீனாக இருந்தாலும் அதன் வாயில் விரல் வைக்க வேண்டாம், கொட்டை உடைக்கிற பல் விரலை விட்டுவைக்காது.


மாதவரம் மாலா:

பல்லைப் பார்த்தேன், எங்கள் மாமனார் பல்செட் மாதிரியே இருக்கிறது. சாப்பிடவே மனசு வரவில்லை. நன்றி தம்பி.


முன்னாள் பெரம்பூர்:

நான் இப்போது மேரிலாந்தில் இருக்கிறேன். நீங்கள் சூப் வைக்கிற மீன் குடும்பத்துக்கு இங்கே அரசாங்கமே எதிரி. 2002-ல் இங்கே கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குளத்தில் சீன ஜாதி ஸ்நேக்ஹெட், சன்னா ஆர்கஸ், யாரோ விட்டது பெருகிவிட்டது என்று குளத்தையே மருந்து ஊற்றிக் கொன்றார்கள். அதே வருஷம் உயிரோடு கொண்டுவரவே நாடு முழுக்கத் தடை. இப்போது பொட்டோமாக் ஆற்றில் பிடிபட்டால் உயிரோடு வைத்திருக்கக் கூடாது, கொன்றுவிடச் சொல்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் இங்கே போஃபின் என்று பழைய காலத்து மீன் ஒன்று இருக்கிறது, இந்த மண்ணுக்கே உரியது, பார்க்க விரால் மாதிரியே நீளத் துடுப்போடு இருக்கும், வாலடியில் வட்டம்கூட உண்டு. ஸ்நேக்ஹெட் என்று நினைத்து அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கிற அடித்துடுப்பைப் பார். விரால் குடும்பத்துக்கு அடித்துடுப்பு நீளமாக ஓடும், முதுகுத் துடுப்பில் பாதிக்கு மேல் வரும். போஃபினுக்கு அது குட்டை. வயிற்றுத் துடுப்பும் விரால் குடும்பத்துக்கு முன்னால், பக்கத் துடுப்புக்குக் கீழேயே இருக்கும், போஃபினுக்கு உடம்பின் நடுவில். புழல் கரை அண்ணன் சொன்ன துடுப்புக் கணக்கை அங்கே பிடித்துக்கொண்டால் எந்த ஊருக்குப் போனாலும் உதவும்.

சூப் கிடைத்தால் ஒரு கிண்ணம் பார்சல்.


புழல் கரை:

பார்சல் வராது, வாசனை வேண்டுமானால் அனுப்பலாம்.

தூண்டில் போடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தண்ணீர் மேல் ஒரு இடத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் குமிழ் விட்டுக்கொண்டு நகர்ந்தால் அடியில் தாயும் தகப்பனும் நிற்கிறது என்று அர்த்தம். ரப்பர் தவளையை அங்கே போட்டால் பசிக்காகக் கடிக்காது, விரட்டுவதற்காகக் கடிக்கும், சுலபமாக மாட்டும். சுலபம் என்பதற்காகவே சிலர் அதைத் தேடிப் போகிறார்கள். காவல் இல்லாத குஞ்சை மற்ற மீனும் கொக்கும் முடித்துவிடும், அடுத்த வருஷம் ஏரியில் விரால் இல்லை என்று இவர்களேதான் புலம்புவார்கள். இந்தச் சமயத்தில் பெரிய மீன் மாட்டினாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் புழல், சோழவரம் எல்லாம் ஊருக்கே குடிதண்ணீர் தருகிற ஏரி, அங்கே கேட்காமல் இறங்கிவிட்டு இங்கே வந்து படம் காட்ட வேண்டாம்.


கொரட்டூர் மீசை:

அண்ணே, மீசை மீனுக்கும் இப்படி ஒரு கணக்கு சொல்லுங்க. எங்க ஏரியில் கை நீளத்துக்குக் கெளுத்தி வருது, நாட்டுக் கெளுத்தி என்கிறார்கள்.


புழல் கரை:

கை நீளம் என்றாலே நாட்டுதா என்று சந்தேகப்பட வேண்டும். சாம்பலும் கறுப்பும் பளிங்குக்கல் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்ப்புக்கு மத்திய அரசே தடை போட்ட மீன், கண்டதையும் தின்னும், நம் மீன் குஞ்சு எதையும் மிச்சம் வைக்காது. நாட்டுக் கெளுத்தி பெரும்பாலும் அவ்வளவு நீளம் போகாது. திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். விவரம் வேண்டும் என்றால் தனியாகத் திரி போடுங்கள், இங்கே ரீல் தம்பியின் பக்கெட் காத்திருக்கிறது.


மூலக்கடை ரீல்:

பிரித்தாகிவிட்டது. மூன்று விரால், ஐந்து கொரவை. கிலோவில் பாதிக்கு மேல் கொரவை, நைனா சொன்னதைவிட மோசம். நாளைக்கு அந்த ரோட்டோரத்துக்குப் போய் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத்தான் போகிறேன். இப்போதைக்கு இது மட்டும் சொல்லுங்கள், மனைவிக்குக் கொரவையையும் சேர்த்துச் சூப் வைக்கலாமா, ஏதாவது ஆகிவிடுமா?


வில்லிவாக்கம் மீன்கார அக்கா:

ஒன்றும் ஆகாது. மலேசியாவில்கூடப் பிரசவம், ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு விரால் கொடுப்பார்கள், அங்கே அதற்கு ஹாருவான் என்று பேர், புண் ஆறுவதைப் பற்றி ஆராய்ச்சியெல்லாம் செய்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது விரால் மீனில்தான், அதனால் சூப்புக்கு அந்த மூன்றையும் வை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதைக் கேட்டுக்கொள். கொரவையும் நல்ல மீன்தான், முள் அதிகம், அவ்வளவுதான், அதைக் குழம்பாக வைத்து நீங்கள் சாப்பிடுங்கள்.

கழுவுகிறபோது சாம்பல் இருந்தால் சாம்பல், இல்லை என்றால் கல் உப்பு, நன்றாகத் தேய்த்து வழவழப்பு முழுக்கப் போனபிறகு செதில் எடு. வழவழப்போடு கத்தியை வைத்தால் கை வழுக்கும், அப்புறம் உனக்கும் சேர்த்துச் சூப் வைக்க வேண்டியிருக்கும். குழம்புக்குப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரை, பூண்டைத் தட்டிப் போடு. நாளைக்கு அந்த ஆளிடம் போகும்போது சண்டை போடாதே, "அண்ணா, கன்னத்துச் செதில் பெரிசா இருக்கே" என்று மட்டும் கேள். விலையை அவனே குறைப்பான்.